அரை வாழைப்பழக் குற்றம்

என் சிறுநீரகங்கள் இரண்டும் சரியாக வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன நாளோடு சமையலறை என் கையை விட்டுப் போனது. விவேக் நகரில் இரண்டாவது மாடி வீடு. நானும் என் கணவரும் மட்டும்தான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டியவள் நான். இப்போது அடுப்புப் பக்கம் போனாலே, "அங்கயே உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அவர் கரண்டியைத் தூக்குகிறார்.

எல்லாம் பொட்டாசியத்தால். நல்ல உடம்புக்கு அது கட்டாயம் வேண்டும். தசையும் இதயமும் அதை நம்பித்தான் இயங்குகின்றன, ரத்த அழுத்தத்துக்கும் நல்லதாம். மிஞ்சினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். என்னுடையவை தள்ளாது. தேங்கினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். ஆகவே வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. சத்து, சத்து என்று வகுப்பில் நானே பாடம் நடத்திய அத்தனையும் எனக்கு விஷம். என்ன கொடுமை இது!

மற்ற காய்களை, பொட்டாசியம் நீரில் இறங்கட்டும் என்று, அவர் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து அதையும் கொட்டுவார். என் தட்டுக்கு வருவது சக்கை. உடம்பு முடியாதவர்களைப் பார்க்க எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும் பெண்கள் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவார்கள். என் கண்ணெதிரே அதை அவர் கீழே வாட்ச்மேனுக்குக் கொடுத்தனுப்புவார். ஒருநாள் அவர் பார்ப்பதற்குள் ஒன்றைப் பிய்த்து, குளியலறையில் நின்றுகொண்டே பாதி தின்றேன். மீதியைப் பயந்து எறிந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு புது உப்பு பாக்கெட் வாங்கி வந்தார். "சோடியம் கம்மியான உப்பாம்மா. பிரஷருக்கு நல்லதுன்னு கடையில சொன்னாங்க. இனி உனக்குக் கொஞ்சம் தாராளமாவே போடலாம்" என்றார். அன்று சுரைக்காய்க் கூட்டில் எத்தனையோ மாதம் கழித்து ருசி இருந்தது. "அடேங்கப்பா, உங்க கையில மணம் வந்துடுச்சே!" என்று கிண்டல் செய்தேன். மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எகிறியிருந்ததைப் பார்த்ததும் டாக்டர் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மார்பெல்லாம் ஒயர். "என்ன சாப்பிட்டாங்க?" என்று என் கணவரைக் கேட்டார்கள்.

"நான் குடுத்ததைத் தவிர ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மறைக்காத. திருட்டுத்தனமா எதையாவது தின்னியா?"

அரைப் பழத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அரைப் பழத்துக்கு உசிர விடப் பாத்தியேடி!" நர்ஸுகள் முன்னால் எனக்கு மானமே போயிற்று.

மறுநாள் காலை அவர் இட்லி வாங்கப் போயிருந்தபோது உணவு ஆலோசகர் வந்தாள், சின்னப் பெண். "அரைப் பழத்துக்கு இவ்வளவு ஏறாதே மேடம். வீட்ல எந்த உப்பு போடறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "ஐயோ, அதுல சோடியத்தைக் குறைச்சுட்டு பதிலா பொட்டாசியத்தைத்தான் சேர்ப்பாங்க. அதை நீங்க தொடவே கூடாது!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படித்த மனுஷன், பாக்கெட்டைத் திருப்பி ஒரு வரி பார்க்கக் கூடாதா? வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கிறேன் என்று காத்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது, முகம் இரண்டு நாளாகச் சவரம் காணவில்லை. நான் தின்ற அரைப் பழத்துக்கே அப்படி அழுதவர், தன் கையால் மூன்று வாரம் போட்டது என்னவென்று தெரிந்தால் தாங்குவாரா? "அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன்மா" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த பாக்கெட்டை நானே குப்பையில் போட்டேன். "அந்த உப்பு கசக்குதுங்க. பழைய உப்பே துளி போடுங்க, போதும்."

"ருசியா இருக்குன்னியே?"

"உங்க மனசு நோகக்கூடாதுன்னு சொன்னேன்." அவர் முகம் வாடிப்போனது.

பொட்டாசியம் இறங்கிவிட்டது. ஆனால் இப்போது நான் வெளியே போய் வந்தால் கைப்பையைத் திறந்து பார்க்கிறார். தனியாகக் கடைக்கு விடுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "இவளை நம்பாதீங்க, பழம் திருடி" என்கிறார். அவர்களும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உண்மை தொண்டைவரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வந்திருந்தாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவளிடம் சொன்னார், "நான் மட்டும் கூட இல்லேன்னா உங்க அக்கா என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பா."

"ஆமாங்க" என்றேன்.