தெலுங்கு மாடுகள்

நான் பிறந்த ஊர் ஜவ்வாது மலையின் ஓரத்தில், இரண்டு தாலுகாக்களின் எல்லையில் இருக்கிறது. ரோடு போட்டுத் தரச் சொல்லிக் கேட்டால் இந்தப் பக்கத்து அதிகாரி அந்தப் பக்கம் கையைக் காட்டுவார், அந்தப் பக்கத்துக்காரர் இந்தப் பக்கம் காட்டுவார். நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம். சுற்றிலும் தமிழ் பேசும் ஊர்கள், எங்கள் ஊர் மட்டும் தெலுங்கு. சண்டை போடுவது, பிள்ளையைத் தூங்க வைப்பது, கோழியை விரட்டுவது எல்லாமே தெலுங்கில்தான். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் பள்ளிக்கூடத்தோடு சரி.

எழுபதுகளின் கடைசியில் என்னைப் பக்கத்து மலையில் தமிழ் பேசும் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரே சனம்தான், பேச்சுதான் வேறு. போன அன்றைக்கே மாமியார் சட்டம் போட்டுவிட்டார்.

"இந்த வூட்ல தெலுங்கு வாணாம்மா. நீ என்னை எதிர்ல நிக்கவெச்சி திட்டினாக்கூட எனக்கு இன்னான்னு தெரியாது."

திட்டுவேன் என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன். தமிழில் எனக்குக் கோபம்கூடச் சரியாக வராது. என் அண்ணன் பார்க்க வந்தால் நாங்கள் இருவரும் பஸ்ஸில் அறிமுகமானவர்கள் மாதிரி தமிழில் நலம் விசாரித்துக்கொள்வோம். அவன் போனதும் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வருவேன்.

இரண்டாம் வருஷம், சாமை விதைக்கிற நேரத்தில், என் வீட்டுக்காரர் ஏர்மாடு ஒரு ஜோடி வாங்கினார். சல்லிசாகக் கிடைத்தது என்று நான் பிறந்த ஊரிலிருந்தே ஓட்டிவந்தார். மழை பெய்து மண் பதமாக இருந்தது, காய்வதற்குள் உழுதாக வேண்டும். இந்த ஈரத்தை விட்டால் அந்த வருஷம் சாமை இல்லை. ஏரைப் பூட்டி அதட்டினார். மாடுகள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தன. கெஞ்சினார், வாலை முறுக்கினார். கண் பட்டிருக்கும் என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். மாடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன.

கூழ்ப்பானையோடு வரப்பில் நின்ற எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து தெலுங்கைத் தவிர வேறெதையும் கேட்காத பிறவிகள், என்னைப் போலவே வந்து மாட்டிக்கொண்டிருந்தன.

"இன்னாடி இளிக்கிற?" என்றார் மாமியார்.

"அதுங்களுக்கு தமிழ் தெரியாது அத்தே."

"அப்ப நீ சொல்லேன்."

"இந்த வூட்ல தெலுங்கு வாணாம்னீங்களே."

மாமியார் வானத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். "இது வூடா? கொல்லை தானே! பேசுடி."

பானையை இறக்கி வைத்தேன். "பத, நா பங்காரம்" என்றேன். போ, என் தங்கமே என்று அர்த்தம். மாடுகள் நடந்தன. பொழுது சாயும்வரை அவற்றின் முன்னால் நடந்து பேசிக்கொண்டே இருந்தேன். மாட்டுக்குத் தேவையானதைவிட நிறையவே பேசினேன். மாமியாரைப் பற்றியும் கொஞ்சம்.

விதைப்பு நல்லபடியாக முடிந்தது. மாட்டைக் கட்டி அவிழ்ப்பது மாமியார் வேலை என்பதால் அவரும் கற்றுக்கொண்டார். ஓட்டும்போது "பத, நா பங்காரம்." மிரண்டால் "மெல்லகா", அதாவது மெதுவாக. ஏர் அவிழ்க்கும்போது "அயிப்போயிந்தி", முடிந்துவிட்டது. மாட்டிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். வீட்டுக்குள் சட்டம் அப்படியே இருந்தது. எனக்கு மாடுகள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் எனக்குப் பிரசவ வலி. ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்கு மலையிலிருந்து ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. சட்டமெல்லாம் மறந்து, என் அம்மாவைக் கூப்பிட்டுத் தெலுங்கில் அலறினேன். மாமியார் தமிழில் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

பிறகு என் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, என் காதோரம் குனிந்தார்.

"மெல்லகா, நா பங்காரம். அயிப்போயிந்தி, அயிப்போயிந்தி."

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன்.

"சரியாத்தான் சொல்றேனா?" என்று கேட்டார்.

"சரிதான் அத்தே" என்று அவர் மடியிலேயே படுத்துக்கொண்டேன்.