சலோமி தறியைக் கொடுத்துவிட்டுப் போனாள்

போன ஞாயிற்றுக்கிழமை என் சித்தி மகள் என்னை ஆரணியில் புதிதாகக் கட்டியிருக்கும் சபைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஏசி ஹால். உள்ளே நுழைந்ததும் மல்லிகைப்பூ ஸ்பிரே மூக்கில் ஏறியது. பூ வைப்பது பாவம் என்று ஒரு காலத்தில் எங்கள் தலையைப் பார்த்து முகம் சுளித்த கூட்டம்தான் இது. இப்போது அதையே டப்பாவில் வாங்கி அடிக்கிறார்கள். அன்றைக்கு முழு அர்ப்பணிப்பு ஞாயிறாம். மேடையில் புகை விட்டார்கள். தங்களை முழுவதுமாகக் கர்த்தருக்குக் கொடுக்கிறவர்கள் திரையில் தெரியும் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யலாம் என்றார் பாஸ்டர். எனக்கு முன்னால் இருந்தவர் ஸ்கேன் செய்தார், தன்னைக் கொடுத்தார், கொடுத்த கையோடு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்.

எங்கள் பழைய கோயிலுக்கும் ஒரு வாசனை உண்டு. பினாயிலும் வௌவால் எச்சமும் கலந்த வாசனை. அதை நினைத்தால் சலோமி நினைவுக்கு வராமல் இருக்கமாட்டாள். ஏனென்றால் சனிக்கிழமைதோறும் பினாயில் போட்டுத் தரையைத் துடைத்தவள் அவள்தான். சேவூர்க்காரி. வீட்டில் பட்டுத்தறி; அப்பா அவள் பேருக்கே போட்டுக் கொடுத்தது. பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பாள். பாடும்போது அவள் கால் தரையில் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்கும், தறியில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. நான் அப்போதுதான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பி.எட். முடித்த திமிரில் அவளைக் கொஞ்சம் கீழேதான் பார்த்தேன். உயரத்தில் நான்தான் அவளைவிடக் குட்டை என்பது வேறு விஷயம்.

ஒரு மிஷனரி ஞாயிறன்று ஒடிசா மலைப்பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர், ஊக்கு குத்திய செருப்பு. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு ஹாஸ்டல் நடத்துகிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மா மலேரியாவில் இறந்துவிட்டார், யாராவது வருவீர்களா என்று கேட்டார். எங்கள் வாலிபர் பெஞ்சு முழுக்கக் கை தூக்கியது. நானும் தூக்கினேன். பக்கத்துக் கைகளெல்லாம் மேலே இருக்கும்போது என் கை மட்டும் கீழே இருந்தால் நன்றாகவா இருக்கும்? சலோமி கை தூக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக இறங்கிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாலிபர் சங்கச் செயலாளர் ஸ்டீபன் கண்ணீர் விட்டுக் கை தூக்கியவர். "நம்ப ஒடம்புக்கு அந்த கிளைமேட் ஒத்துக்காது சிஸ்டர்" என்றார். அவர் உடம்பு ஆரணி வெயிலில் மத்தியானம் முழுக்கக் கிரிக்கெட் ஆடும் உடம்பு. எனக்கு அம்மாவின் சர்க்கரை வியாதி உதவிக்கு வந்தது.

சலோமி செய்தது இவ்வளவுதான். அன்றைக்கு ஆராதனை முடிந்து அந்த மனிதருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பசங்களுக்குச் சொறி சிரங்கு இருக்குதுங்களா?"

"எல்லாப் பசங்களுக்கும் இருக்கும்மா."

"அப்ப வேப்பெண்ணெய் எடுத்துகினு வரேங்க."

அவளுடைய அர்ப்பணிப்பு ஜெபம் மொத்தமும் அதுதான். கண்ணீரும் இல்லை, புகையும் இல்லை.

அதற்கப்புறம் பாருங்கள், கை தூக்கிய அத்தனை பேருக்கும் வேலை வந்துவிட்டது. அவளைத் தடுக்கும் வேலை. கமிட்டிப் பெரியவர் ஒருவர், "பத்தாவது படிச்ச பொண்ணு அங்க போயி இன்னா பண்ணும்? சோறு ஆக்கணும், அவ்ளோதானே? அத்த இங்கயே பண்ணா ஆவாதா?" என்றார். அவள் அண்ணன் சாமுவேலுக்கு வேறு கவலை. "நீ போயிட்டா தறில யாரு குந்துவா?" தங்கச்சி நெய்து, அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடு அது. ஊழியத்தின் மேல் அவனுக்கு மரியாதை உண்டு. வேறு வீட்டிலிருந்து யாராவது போனால் கைதட்டியிருப்பான்.

நிச்சயித்த மாப்பிள்ளையும் ஒருவர் இருந்தார். போளூரில் ஜான்சன். தபால் ஆபீஸ் வேலை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. கோயில் வாசலில் என்னையும் துணைக்கு நிறுத்திக்கொண்டு சலோமி அவரிடம் நேராகக் கேட்டாள்.

"நான் போறது முடிவாயிடுச்சிங்க. நீங்களும் வர்றீங்களா?"

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்."

அடுத்த ஞாயிறு வந்தார். முகத்தில் பெரிய சாந்தம். "கர்த்தர் என்னைப் போளூர்லயே இருக்கச் சொல்றாரு சலோமி."

அவருடைய தேவன் அந்தச் சொந்த வீட்டை விட்டு எழுந்திரு என்று அவரிடம் ஒருமுறையும் சொன்னதில்லை. சலோமி தலையாட்டினாள். திரும்பி வரும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆறு மாசத்தில் திரும்பிவிடுவாள் என்று ஊரே சொன்னது. தறி காத்துக்கொண்டிருக்கும் என்றான் சாமுவேல். அதைக் கேட்டுத்தான் அவள் அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன். தறிப் பாவில் மிச்சமிருந்த சேலையை நெய்து முடித்து, அறுத்துப் பட்டு முதலாளியிடம் கொடுத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாக்காவைக் கூப்பிட்டுத் தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். காசு வேண்டாம் என்றாள். கன்னியம்மாக்கா கூலிக்கு நெய்பவர், சொந்தத் தறி கிடையாது. சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு அழுதார்.

"வேணாம்மா. நாளைக்கி நீ வந்து கேட்டா நான் எங்க போவேன்?"

"கேக்க மாட்டேன்க்கா. அதுக்குத்தான் குடுக்கறேன்."

"பைத்தியம் புடிச்சிருக்குது இந்தப் பொண்ணுக்கு" என்று சொல்லிக்கொண்டே கன்னியம்மாக்கா தறி மரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனார். சாமுவேல் தெருவில் நின்று கத்தினான். சலோமி தறி இருந்த குழியில் மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து மட்டமாக்கினாள். காட்பாடி ரயிலடிக்கு நானும் அவள் அப்பாவும் போனோம். அப்பா ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை, கடைசிவரை பெட்டியைக் கீழே வைக்கவுமில்லை.

சில வருஷங்களில் பணம் வராமல் அந்த ஹாஸ்டல் மூடப்பட்டது. எங்கள் சபைக்கு அதில் உள்ளூர ஒரு நிம்மதி. தூக்கி இறக்கிய கைகளுக்கெல்லாம் நியாயம் கிடைத்துவிட்டதல்லவா? ஆனால் சலோமி திரும்பவில்லை. அப்பாவை அடக்கம் செய்யத்தான் வந்தாள். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, என்னைவிடப் பத்து வயது மூத்தவளாகத் தெரிந்தாள். கமிட்டிப் பெரியவர் விடவில்லை.

"ஹாஸ்டலே மூடிட்டாங்களாமே? அப்புறம் இன்னாம்மா அழைப்பு?"

"ஹாஸ்டல்தாங்க மூடிச்சு. பசங்க அங்கதானே இருக்கறாங்க?"

அங்கேயே ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்து, வீட்டு வேலைக்குப் போய், அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "சந்தோஷமா இருக்கியாடி?" என்று கேட்டேன். யோசித்தாள். "தெரியலடி. சில நாள் அழுவேன். ஆனா இங்க வந்து ரெண்டு நாள்தான் ஆவுது, அதுக்குள்ள அங்க போவணும்னு இருக்குது. கொசுதான் பேஜாரு" என்று சிரித்தாள்.

போன மழைக்காலத்தில் ஒரு போன் வந்தது. ஒடிசாப் பையன் ஒருவன். அவள் வளர்த்த பிள்ளை. "அக்கா, எங்கம்மா பூட்டாங்க" என்றான். அச்சு அசல் சேவூர்த் தமிழ். அவனுக்கு ஆரணி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அங்கேயே புதைத்தார்கள். போகவேண்டும் என்றிருந்தேன். முழங்கால் வலி.

இங்கே நினைவுக் கூட்டம் தடபுடலாக நடந்தது. "மிஷனரி வீராங்கனை" என்று பிளெக்ஸ். இப்போது வீட்டுமனை விற்கும் ஸ்டீபன், தானும் அன்றைக்கு அதே அழைப்பைப் பெற்றவர் என்று கண்ணீரோடு சாட்சி சொன்னார். கண்ணீர் மட்டும் அவருக்கு இன்னும் வற்றவில்லை. போளூரிலிருந்து ஜான்சன் பேரப்பிள்ளையோடு வந்து மைக்கைப் பிடித்தார். "அவங்கள ஊழியத்துக்கு விட்டுக்கொடுத்ததே நான்தான்." ஜனம் அல்லேலூயா சொல்லிற்று. பிரியாணி நன்றாக இருந்தது, நானும் சாப்பிட்டேன்.

பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். வாலிபர் பெஞ்சு போயிற்று, மிஷனரி ஞாயிறும் போயிற்று. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. அந்தப் பெஞ்சு உட்காரவும் லாயக்கில்லாதது. ஆனால் அந்த ஒல்லி மனிதர் யாராவது வருவீர்களா என்று கேட்ட பிறகு, கைகள் மேலே போவதற்கு முன்னால், கொஞ்ச நேரம் கோயிலில் யாரும் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பொய்யர்களான எங்களுக்கும் அந்தக் கொஞ்ச நேரம், நம்மைத்தான் கேட்கிறார் என்று உறைத்தது. இப்போது பாஸ்டர் கேட்டு முடித்து, அப்படி ஓர் அமைதி விழுவதற்குள் கீபோர்டு வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.