இருநூறு நாற்காலி உறைகளோடு பெரம்பலூருக்கு

ஆண்டிமடத்து முந்திரிக் கொட்டகையை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பதினோரு நாள் வேலை செய்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் போதும் என்று தோன்றியது. ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் உண்டு. நடந்தால் ஊர் தெரியும் என்று நடந்தேன்.

பத்து மணிக்கு ஒரு பிக்கப் வண்டி நிறுத்தி ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் முருகேசன். உடையார்பாளையத்தில் அவரும் மனைவி செல்வியும் கல்யாண மண்டபங்களின் நாற்காலி உறைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்கிறார்கள். முன்சீட்டில் சோப்புத்தூள் மூட்டைகள் இருந்ததால் தார்ப்பாய்க்குள் பின்னால் ஏறினேன். அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது என் தலை தூசியில் நரைத்திருந்தது.

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். "ஆளே இப்படி வந்து எறங்குறான். துணி எப்படிங்க போகும்?" என்று புருஷனைக் கேட்டார்.

விஷயம் இதுதான். போன முகூர்த்தத்தில் பெரம்பலூர் மண்டபத்துக்கு உறைகள் தூசியோடு போயின. மாப்பிள்ளையின் மாமா எழுந்தபோது பட்டு வேட்டியில் நாற்காலியின் அச்சு இருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். மறுநாள் இருநூறு உறைகள் போகவேண்டும். பாலித்தீனில் சுற்றினால் இஸ்திரிச் சூட்டில் வேர்த்து வாடை அடிக்கும். வழியோ சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே.

முருகேசன் கேபினை ஒட்டி முன்பக்கத்தைத் தார்ப்பாயால் மூன்று மடிப்பாக அடைத்திருந்தார். எல்லோரும் அங்கேதான் அடைக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஐந்து மாநிலங்களை வண்டிகளின் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சக்கரம் கிளப்பும் தூசி பின்னால் சுழன்று, பின்கதவின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே இழுபடுகிறது.

"பின்னாடி அடைச்சுட்டு முன்னாடி தொறந்து விடணும்ண்ணே. மேலேருந்து காத்து வந்துட்டே இருந்தா, தூசிக்கு உள்ள எடமில்ல."

"தொறந்து விடறதா? வெத்தல பாக்கு வச்சு அழைக்கச் சொல்றான் பாரு!"

"நீங்க அடைச்சுத்தான் போன தடவ அசிங்கப்பட்டோம்," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "செய்யி தம்பி. ஆனா காலையில நீயும் துணியோட பின்னாடி உக்காந்து வரணும். தூசி வந்துச்சு, இருநூறையும் நீதான் தொவைக்கணும்."

ஒப்புக்கொண்டேன்.

பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் நூறு ரூபாய். வண்டிக்குள் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மூடச் சொன்னேன். இருட்டில் வெளிச்சம் எட்டிப்பார்த்த இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டேன். முப்பத்தொரு வட்டம். டியூபைப் பட்டையாக வெட்டிப் பின்கதவைச் சுற்றி ஒட்டினேன். மூடினால் ரப்பர் அழுந்தி உட்கார்ந்தது. தரையில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளில் டியூபைச் சுருட்டித் திணித்தேன். கேபின் உயரத்துக்கு மேலே தார்ப்பாயில் ஒரு முழம் திறந்து, தூசியை வடிகட்டப் பழைய வேட்டியை இரண்டாக மடித்து அதில் தைத்தேன். முருகேசன் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உறைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அக்கா கேபினில் ஏறிக்கொண்டார். வண்டி வேகம் பிடித்ததும் வேட்டித்துணி உள்பக்கமாக உப்பியது. அரியலூரை நெருங்கும்போது லாரிகள் உறுமின. ஜல்லி தெறித்துத் தகரத்தில் பட்டது. நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தேன். நறநறப்பு இல்லை.

எட்டே காலுக்குப் பெரம்பலூர். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் நின்றார். கதவோரக் கட்டின் அடியிலிருந்து ஓர் உறையை உருவி, நாற்காலிக்கு மாட்டி, உட்கார்ந்து, முதுகை நன்றாகத் தேய்த்தார். எழுந்து திரும்பி நின்றார்.

"ஏம்மா, இருக்கா?"

அக்கா கிட்டே போய்ப் பார்த்தார். "ஒண்ணுமில்லைங்க சார்."

அவர் நம்பவில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் முதுகைக் காட்டினார். "சட்ட பளிச்சுன்னு இருக்குங்க," என்றார் சமையல்காரர்.

"சரி, எறக்குங்க. அடுத்த முகூர்த்தத்துக்கும் நீங்களே பாத்துக்கங்க."

முருகேசன் என் முதுகில் ஒன்று போட்டார். நான் ஒரு கட்டைத் தூக்கப் போனேன்.

"தம்பி, தொடாத!" அக்கா கத்தினார். பின்கதவை இறக்கக் கைகொடுத்ததில் என் விரலெல்லாம் கிரீஸ். "கை கழுவிட்டு வா மொதல்ல!"

அறுபது கிலோமீட்டர் கடந்து அந்த வண்டியில் வந்த அழுக்கு நான் ஒருவன்தான். குழாயைத் தேடிப் போனேன்.