திருஷ்டிப் பொட்டு வைத்த மூன்று படங்கள்

என் மனைவி ஓவியர். செஞ்சியில் குடியிருந்துகொண்டு கோட்டையை ஒருமுறைகூட வரையாதவர். அந்தப் பாறைகளின் சூடு மட்டும் கித்தானில் ஏறினால் போதும் என்பார்: காவி, சாம்பல், நடுவே கண் கூசும் வெள்ளை. கோலம், குடம், கோபுரம் எதற்கும் இடமில்லை. நம் நவீன ஓவியம் முதலில் மேற்கைப் பார்த்து வரைந்தது. பிறகு வெட்கப்பட்டு மண்ணின் அடையாளங்களைத் தேடியது. தேடியதெல்லாம் கடைசியில் காலண்டருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சொல்லும் வரலாறு இவ்வளவுதான். பத்திரிகையில் செய்திகளை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான்கூட எதையும் இவ்வளவு சுருக்கியதில்லை.

போன வருடம் சென்னையில் ஒரு காட்சிக்கூடம் அவருடைய மூன்று படங்களைக் கேட்டது. அதுதான் முதல் அழைப்பு. படங்களை அனுப்பும் நாள். சாயங்காலத்துக்குள் அவை அங்கே சுவரில் ஏறியாக வேண்டும். வேன் வாசலில் நின்றது. காகிதம் சுற்றப் போன மனைவி இரண்டாவது படத்தின் முன் நின்றுவிட்டார். வெள்ளைப் பரப்பின் ஓரத்தில் ஒரு கரிய வட்டம்.

"யாரு வெச்சது இத?"

"நான்தான்" என்றார் என் மாமியார், கண்மை டப்பாவை மூடியபடி. "பட்டணத்துல எத்தினி பேரு பாப்பாங்க? கண்ணு பட்டுடாது?"

மனைவி துணியால் துடைத்தார். விளக்கெண்ணெயில் குழைத்த மை. வட்டம் மேகமானது.

"இத்தினி வருசமா இந்தப் பொட்டு, கோலமெல்லாம் படத்துக்குள்ள வராம காவல் காத்தேம்மா!"

சிரித்துவிடுவேனோ என்று வேன் பக்கம் திரும்பினேன். ஓட்டுநர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார். "வுடுக்கா. லாரிக்கே எலுமிச்சங்கா கட்றோம், படத்துக்கு வெச்சா இன்னா?"

எண்ணெயின் மேல் வெள்ளை பூசினால் ஒட்டாது. மனைவி அறையை இரண்டு சுற்று வந்தார். திடீரென்று அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணுல இருந்தா கறை. மூணுலயும் இருந்தா அது என் முடிவு. மத்த ரெண்டுக்கும் வைம்மா."

மாமியார் மற்ற இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். "இதுங்களுக்கு எதுக்கு? இதுங்கள எவன் பாத்து கண்ணு வெக்கப் போறான்?"

வேன்காரர் படியில் உட்கார்ந்தே விட்டார்.

"மாப்ள, நீங்களே சொல்லுங்க."

"நான் செய்தி மட்டுந்தான் அத்தை. தலையங்கம் எழுதுறதில்ல."

"பொய். அந்த மூணாவதப் பாத்தா கொட்டாவி வுடுவாரு" என்றார் மாமியார்.

அது உண்மை. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

கெஞ்சியதில் முதல் படத்துக்குக் கடுகளவு பொட்டு கிடைத்தது. "அதுக்கு அவ்ளோதான்." மூன்றாவதுக்கு மாமியார் மையில் விரல் வைக்கவே மறுத்தார். மனைவி டப்பாவைப் பிடுங்கி, கட்டைவிரலை முக்கி, ஓங்கி ஒரு பொட்டு வைத்தார். மூன்றிலும் பெரியது அதுதான்.

"வரைஞ்சவளே வெச்சா பலிக்காதுடி. கண்ணு படும்!"

"படட்டும்மா! அதுக்காவது எவனாவது ஒருத்தன் பாக்கணும்ல!" என்று கத்திக்கொண்டே, மை விரலோடு வேன் கதவைத் தட்டினார். "எடுங்கண்ணா வண்டிய!"