மேகமலையில் பணயம் வைத்த மீசை

போன மாதம் மேகமலைக்குப் போயிருந்தேன். ஏரி பார்க்க.

ஏரியைப் பார்த்தீர்களா என்று உடனே கேட்காதீர்கள். அந்தக் கேள்வியால் எங்கள் குடும்பத்தில் ஏகப்பட்ட ரகளை நடந்து முடிந்திருக்கிறது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம். அவள் தம்பி மலைச்சாமிக்கு அங்கே திராட்சைத் தோட்டம். மனிதருக்கு இரண்டே சொத்து. ஒன்று தோட்டம், இன்னொன்று மீசை. தோட்டத்துக்கு மருந்தடிக்க மறந்தாலும் மறப்பார், மீசைக்கு எண்ணெய் தடவ மறக்கமாட்டார்.

விருந்துக்குப் போன இடத்தில் மலைச்சாமி மேகமலை ஏரியைப் பற்றிப் பெருமையடித்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மலை மேல ஏரியா? மழைத்தண்ணி தேங்கின குட்டையா இருக்கும் மாப்ளே. மெட்ராஸ்ல நாங்க பார்க்காத ஏரியா?” என்றேன்.

மெட்ராஸ்காரன் ஏரியைப் பற்றிப் பேசலாமா? இருந்ததையெல்லாம் மூடி பிளாட் போட்டாயிற்று... அதில் ஒன்றில்தான் நானே குடியிருக்கிறேன்!

மலைச்சாமிக்கு மீசை துடித்தது. “மச்சான், நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். ஏரியக் காட்டலைன்னா இந்த மீசைய எடுத்துர்றேன். காட்டிட்டேன்னா நீங்க எடுக்கணும். சம்மதமா?”

சம்மதம் என்றேன். என்னுடையதும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கும் மீசைதான். ஆனால் ஜம்பம் என்று ஒன்று இருக்கிறதே!

மறுநாள் காலை சின்னமனூரிலிருந்து பஸ். நான், மனைவி, மலைச்சாமி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் சாப்பிட்ட இட்லி வெளியே வர வழி கேட்டது. அதன்பிறகு தேயிலைத் தோட்டம், ஜில்லென்று காற்று. அப்புறம் ஏரிக்கரை.

கரை இருந்தது. ஏரியைத்தான் காணோம்.

“அந்தா தெரியுது பாருங்க” என்றார் மலைச்சாமி.

“எது?”

“அந்த வெள்ளையா...”

“அது மேகம் மாப்ளே.”

“அதுக்குப் பின்னாடிதேன் மச்சான் ஏரி கெடக்கு!”

மேகமலை என்று பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. காத்திருந்தோம். லெமன் சாதம் சாப்பிட்டோம். மறுபடி காத்திருந்தோம். மலைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து விசிற ஆரம்பித்தார் — மேகத்தை! அது அசையவில்லை என்றதும் குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு நேர்ந்துகொண்டார். சனீஸ்வரன் அன்றைக்கு என் கட்சி.

பஸ் திரும்பும் நேரம் வந்துவிட்டது. ஜெயித்தவனுக்குத் தாராள மனசு வருமல்லவா? “மீசையோட கடைசியா ஒரு போட்டோ எடுத்துக்கோ மாப்ளே” என்றேன். கேமராவில் ஃபிலிமும் ஒன்றுதான் மிச்சம். பஸ் கண்டக்டரிடம் கொடுத்தோம். ஏரி இருப்பதாகச் சொல்லப்பட்ட திசைக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றோம்.

கண்டக்டர் கேமராவைக் கண்ணில் வைத்தார். திடீரென்று கத்தினார். “யாரும் திரும்பாதீக! ஆடாம நில்லுங்க! அசைஞ்சா படம் கெட்டுப்போகும்!”

எவ்வளவு கண்டிப்பான மனிதர்! மூச்சைக்கூட விடாமல் நின்றோம். கிளிக். டிரைவர் ஹாரன் அடித்தார். கண்டக்டர் கேமராவைக் கையில் திணித்துவிட்டு ஓடினார். திரும்பிப் பார்த்தோம். அதே வெள்ளை.

சாயங்காலம் சின்னமனூர் சலூனில் மலைச்சாமியின் மீசை விழுந்தது. வீட்டுக்குப் போனால் அவர் வளர்க்கும் நாயே அவரைப் பார்த்துக் குரைத்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊர் திரும்பும் வரை சிரித்துக்கொண்டேதான் வந்தேன்.

போன வாரம் ஃபிலிமைக் கழுவிப் படங்கள் வந்தன. கடைசிப் படத்தைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. முன்னால் நாங்கள் மூன்று பேர். நடுவில் நான், பல்லெல்லாம் தெரிய. பின்னால் — பளிச்சென்று ஏரி! கரையெல்லாம் தேயிலை, நடுவில் ஒரு குட்டித் தீவுகூட.

ஒளித்து வைப்பதற்குள் மனைவி பார்த்துவிட்டாள். பார்த்த கையோடு தம்பிக்குப் போன். அவர் மறுநாளே அந்த பஸ்ஸைத் தேடிப் பிடித்து விசாரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், ‘மேகம் வெலகி ஏரி தெரிஞ்சப்ப சொல்லக் கூடாதாய்யா’ன்னு கண்டக்டரக் கேட்டேன். ‘சொன்னா எல்லாரும் திரும்பிருவீக, படத்துல முதுகுதேன விழும்’ங்குறாரு!”

கண்டக்டர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அருவியோ, கோபுரமோ, ஏரியோ... எங்கே போனாலும் அதற்கு முதுகைக் காட்டி நின்று கேமராவைப் பார்த்துத்தானே இளிக்கிறோம்? போன இடத்தை வீட்டுக்கு வந்து ஆல்பத்தில்தான் பார்க்கிறோம்.

நான் விடவில்லை. “என் கண்ணால பார்க்கலையே! அப்புறம் எப்படிக் காட்டினதாகும்?” என்று வாதாடினேன். தீர்ப்பை மனைவியிடம் விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

“தம்பி ஏரியக் காட்டிட்டான். நீங்கதேன் அதுக்கு முதுகக் காட்டுனீக” என்று சொல்லிவிட்டு, ஷேவிங் செட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

ஆகவே வாசகர்களே, இந்தப் பத்திக்கு மேலே வாராவாரம் போடும் படத்தில் இந்த வாரம் மொழுக்கென்று ஒரு முகம் இருக்கிறதே... யாரய்யா இந்த ஆள் என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். நான்தான்!