தேன்பிசின் சொட்டு

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கீமோ முடிந்திருந்தது. மூன்றாவதற்குக் கிளம்ப வேண்டிய காலையில் அவள் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே ஊசி வேணாம்டா. இது போதும்," என்று ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினாள். உள்ளே கறுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. தேனீக்கூட்டில் சுரண்டி எடுக்கிற பிசினாம். கண்ணமங்கலம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவர், பஸ்ஸில் பழக்கமாகிக் கொடுத்தாராம். தினமும் பத்துச் சொட்டு குடித்தால் கட்டி கரையுமாம்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன் நான். நிறத்தைப் பார்த்து எதையும் நம்புவதில்லை. வெல்லப்பாகாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினேன்.

கண்ணமங்கலத்தில் விசாரித்துப் போன மாந்தோப்பில் பெட்டிகள் நிஜமாகவே இருந்தன. அவர் ஒன்றைத் திறந்து, தேனடைச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பிசினைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். அதே வாசனை. அப்போதும் சந்தேகம் போகவில்லை.

"இதுல யாருக்குக் குணமாச்சு, சொல்லுங்க?"

"என் வீட்டுக்காரிக்கும் இதே கட்டிதான். இதத்தான் குடுத்துகினு இருந்தேன்."

"இப்போ எப்படி இருக்காங்க?"

அவர் பெட்டியை மூடினார். "செத்துட்டா. அவ ஆஸ்பத்திரிக்கே போவல. அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஊசியும் போட்டுக்குங்க, இதையும் குடிங்கன்னு."

அவர் கண் கலங்கியது. எனக்கு நம்பவும் முடியவில்லை, திட்டவும் வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். "ஊசியும் போட்டுக்கச் சொன்னாராமே?"

"அப்படி ஒரு வார்த்த சொல்லலடா."

யார் பொய் சொல்கிறார்கள்? ஊசி போட்டால் வரும் வாந்திக்குப் பயந்து இவளே காதில் வாங்காமல் விட்டாளோ? அவர் மனைவி இறந்ததைச் சொன்னேன். எழுந்து போய் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து வைத்தாள். மறுநாள் வேலூருக்கு வந்தாள்.

டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பிசின் லேபுல, கண்ணாடித் தட்டுல கேன்சர் செல்லக் கொல்லுதுன்னு சொல்றாங்க, வாஸ்தவம்தான். ஆனா மனுஷங்களுக்குக் குணமாகும்னு நிரூபணம் இல்லம்மா. கீமோவோட ஒத்துக்காமலும் போகலாம். நிறுத்திடுங்க."

தலையாட்டினாள். மீதி ஊசிகளையும் போட்டுக்கொண்டாள். கட்டி சுருங்கியது, ஆபரேஷனும் நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள், செக்கப்புக்கு மட்டும் போய் வருகிறாள்.

"ஊசியாலயோ, சொட்டாலயோ, யாரு கண்டா," என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே.

சொட்டை உண்மையிலேயே நிறுத்தினாளா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.