கொப்பரை இல்லாத பொடி

தாராவியில் என் பொடிக்கடையில் வாங்கிய யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. முதலில் சொன்னவள் என் மகள்தான்.

அவளையும் சேர்த்து ஐந்து பெண்கள் பாய்மரப் படகில் கடல் தாண்டக் கிளம்பினார்கள். வாரக்கணக்கில் கரையே கண்ணில் படாது. ஐந்து பேர் சாப்பாட்டுப் பொறுப்பும் இவள் தலையில். வீட்டில் வெந்நீர் வைக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்குகிறவளுக்கு இந்தப் பொறுப்பா என்று சிரித்தேன். ஆனால் அரிசியும் அவலும் வாங்க அவளோடு மாட்டுங்காவுக்குப் போனபோது என் சிரிப்பு நின்றுபோனது. அட்டைப்பெட்டி எதையும் படகில் ஏற்றக் கூடாதாம். கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வருமாம். எல்லாவற்றையும் கடை வாசலிலேயே பிரித்து டப்பாக்களில் கொட்டினாள். கடைக்காரர் முறைத்தார். நான் அவரைத் திருப்பி முறைத்தேன்.

என் பங்குக்கு இட்லிப் பொடி இடித்தேன். கொப்பரையைச் சிவக்க வறுத்துச் சேர்க்காவிட்டால் எனக்கு அது பொடியே இல்லை. திருநெல்வேலிக்கு ரயிலேறும்போதெல்லாம் எங்கள் வீட்டு இட்லியில் தடவுவது இதைத்தான். மகள் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா தேங்கா காறிப் போவும். நடுக்கடல்ல வேற எங்க போய் வாங்க? இத ஏத்த மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பொடியைத் தின்றுதானே வளர்ந்தாய் என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. டப்பாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை. மறுநாள் கொப்பரையை விட்டுவிட்டு, உளுந்தையும் மிளகாயையும் ஈரம் துளியும் இல்லாமல் வறுத்து இடித்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டாள்.

படகு போய் வெகு நாள் கழித்து, நடுக்கடலிலிருந்து சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள். பெருங்காற்றில் அடுப்பே பற்றவைக்க முடியவில்லையாம். ஊறவைத்த அவலில் என் பொடியையும் நல்லெண்ணெயையும் பிசைந்து தின்றுதான் ஐந்து பேரும் நாட்களைத் தள்ளியிருக்கிறார்கள். "பொடி கெடாம அப்படியே இருக்கும்மா," என்றாள். பெருமையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவிடமே முடியாது என்று சொன்னாளே, அந்தத் தைரியத்தை நினைத்துத்தான்.

இப்போது கடையில் இரண்டு பொடியும் வைத்திருக்கிறேன். இதில் மட்டும் ஏன் கொப்பரை இல்லை என்று யாராவது கேட்டால், பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்.

"எம்மவ வேண்டாம்னுட்டா. அவ கடல்ல இருக்கா."